கூம் சொன்ன பழுது

"வண்டியில நீதானே முன்னாடி உக்காந்திருந்த. உனக்கு ஏதாச்சும் சத்தம் கேட்டுதா?"

தேசங்கா அக்கா என்னைக் கேட்டாள். ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை அது. மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் முற்றத்து மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நோன்பு நாள் என்பதால் பாலாடை இல்லை. எண்ணெய் விடாத பீன்ஸ் குழம்பு, சோளரொட்டி, சுட்ட மிளகாய், அவ்வளவுதான். மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை கண்கள் ஒரே நேரத்தில் என்மேல் விழுந்தால் எனக்கு நாக்கு எழும்பாது. பள்ளிக்கூடம் நின்றதற்கும் அதுதான் காரணம்.

"தெரியல" என்றேன். மேசையில் உதிர்ந்திருந்த ரொட்டித் தூளைக் கையால் கூட்ட ஆரம்பித்தேன்.

"இந்த ஊமைக்கோட்டானைக் கேட்டா இதுதான் வரும்" என்றாள் வித்தோசாவா. பக்கத்து ஊரிலிருந்து பழம் பறிக்க வரும் விதவை அவள். சீசன் முடியும் வரை நாங்கள் இருவரும் தேசங்கா அக்கா வீட்டுப் பின்னறையில்தான் படுத்துக்கொள்வோம். "காது இருக்கு, வாயி இல்ல. ஒப்ராத்துக்கு ஸ்க்ரூ டிரைவர்லயே காது இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். ஒப்ராத் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வேனுக்குப் பக்கத்தில் நின்று நீளமான ஸ்க்ரூ டிரைவரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் முன்புதான் அதன் முனையை ஓடுகிற இஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டிருந்தார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பதுபோல இருந்தது.

"வாட்டர் பம்ப் போயிடுச்சு. பேரிங் அரைக்குது. திங்கக்கிழமை வண்டியைக் கீழே பட்டறைக்குக் கொண்டாந்து விட்டுடு கூமே. மூணு நாள் ஆகும்" என்றார் மிலோய்கோவிடம்.

"மூணு நாளா?" என்றாள் தேசங்கா அக்கா.

"மூணு நாள்."

மிலோய்கோ தேசங்கா அக்காவின் புருஷன். அவர் அக்காவையும் பார்க்கவில்லை, வேனையும் பார்க்கவில்லை. "சரி கூமே. நீ சொன்னா சரி" என்று ஒப்ராத்துக்கு இன்னொரு சின்னக் கிண்ணம் ரக்கியாச் சாராயம் ஊற்றினார்.

ஒப்ராத் அந்த வீட்டுக்குக் கூம். மிலோய்கோவும் தேசங்கா அக்காவும் கல்யாணத்தில் தலையில் கிரீடம் வைத்து நின்றபோது பக்கத்தில் மெழுகுவத்தி பிடித்து நின்றவர். அவர்கள் மகளைக் ஞானஸ்நானத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பெயர் வைத்தவரும் அவர்தான். அவருடைய அப்பா மிலோய்கோவின் அப்பாவுக்குக் கூமாக இருந்தார். எங்கள் பக்கத்தில் அண்ணனும் தம்பியும் வேலிக்காகக் கோர்ட்டுக்குப் போவார்கள், யாரும் பெரிதாகப் பேசமாட்டார்கள். கூமைப் பார்த்து முகத்தைச் சுளித்தால் ஊரே பேசும்.

ஆனால் ராஸ்பெர்ரிக்குக் கூம் கிடையாது. ஜூன் கடைசியில் அது யாருக்காகவும் காத்திருக்காது. காலையில் பனி காய்ந்ததும் இடுப்பில் வாளியைக் கட்டிக்கொண்டு வரிசைக்குள் இறங்கினால் சாயங்காலம் ஐந்து மணிவரை கை நிற்காது. பறித்த பழம் ராத்திரி தாங்காது. விடிந்தால் தட்டின் அடியில் சிவப்புச் சாறு கசியும், மேலே சாம்பல் பூசணம் படரும். அன்றே ராத்திரி எட்டு மணிக்குள் அரிலியே ஊருக்கு வெளியே இருக்கும் குளிர்கிடங்கில் இறக்கிவிட வேண்டும். பதினான்கு கிலோமீட்டர், முழுக்க இறக்கமும் வளைவும். அந்த வீட்டில் அந்தப் பாதையில் ஓடுவது அந்த ஒரு வேன்தான். வளைவுகளில் மேல்தட்டுகள் சரியாமல் பிடிக்க ஆள் வேண்டும். அதற்குத்தான் என்னை முன்சீட்டில் உட்கார வைப்பார்கள்.

மூன்று நாள் வண்டி நின்றால் மூன்று நாள் பழம் போகும். மகளின் நர்ஸிங் படிப்பும், வீட்டுக்கு வேண்டிய குளிர்கால விறகும் அந்த ஒரு சீசன் பழத்தில்தான் இருந்தன. இது மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒப்ராத்துக்கும் தெரியும். தெரிந்தும் ரக்கியாவைக் குடித்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, நடந்தே கீழே இறங்கிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் குளிர்கிடங்கிலிருந்து திரும்பி வந்ததும் தேசங்கா அக்கா ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து இஞ்சினுக்கு நேர் கீழே தரையில் விரித்தாள். சனிக்கிழமை காலையில் முகம்கூடக் கழுவாமல் போய் அதை வெளியே இழுத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"மிலோய்கோ, இங்க வா. ஒரு சொட்டு இருக்கா பாரு."

"என்னது?"

"பம்ப் போனா தண்ணி ஒழுகணும் இல்ல? ஒரு சொட்டு இல்ல. சூடு காட்டற முள்ளும் நடுவுல நகராம நிக்குது. நேத்து ராஸ்னா மேட்டுல ஏறும்போதுகூடப் பார்த்தேன்."

"கூம் பொய் சொல்ல மாட்டாரு."

"நான் பொய்னு சொன்னேனா? சொட்டு இல்லைன்னு சொன்னேன்."

"அதேதான்."

"எப்படி அதே? அட்டை காஞ்சிருக்குன்னு சொன்னா அது கூமைத் திட்டறதா?"

"நீ அட்டையை விரிச்சதே அதுக்குத்தானே." மிலோய்கோ சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். எதற்கு எடுத்துக்கொண்டு போனார் என்று தெரியவில்லை. அன்றைக்கு வெட்டுகிற வேலை எதுவும் இருக்கவில்லை.

அன்று முழுக்க வெயில் ஒரு மாதிரியாக இருந்தது. காற்று இல்லை. மேற்கே மலைக்குப் பின்னால் மேகம் கறுத்து நின்று, வருவதுபோலவும் போவதுபோலவும் பயம் காட்டியது. ஆலங்கட்டி விழுந்தால் பம்பும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். மூன்று மணிக்கு மேட்டிலிருந்து, மேகத்தைக் கலைக்க விடும் ஆலங்கட்டி ராக்கெட் இரண்டு முறை வெடித்தது. வரிசையில் இருந்த எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டு இன்னும் வேகமாகப் பறித்தோம்.

"கோட்டான், அந்தக் கொடியை விட்டுட்டுப் போறியே" என்றாள் வித்தோசாவா வரிசையின் மறுபக்கத்திலிருந்து. இலைக்கு நடுவே அவள் தொப்பி மட்டும் தெரிந்தது. "பழுத்தது தொட்டாலே கையில விழணும். இழுத்தா வருதுன்னா அது நாளைக்கு."

நான் திரும்பி வந்து எடுத்தேன். பழம் கழன்றதும் கொடியில் வெள்ளைக் கொண்டை மட்டும் நின்றது.

"ஒண்ணு கேக்கறேன். மூணு நாள் இந்த வீட்டு வண்டி நின்னா யாருக்கு லாபம்?"

"யாருக்கு?"

"ஒப்ராத்தோட மச்சான் திகோமிர் இந்த வசந்தத்துல என்ன வாங்கினான்?"

"லாரி."

"என்ன லாரி?"

"குளிர்பெட்டி வச்ச லாரி."

"அப்புறம் என்னை ஏன் கேக்கற?"

"நான் கேக்கல" என்றேன். "நீங்கதான் கேட்டீங்க."

வித்தோசாவா இலைக்குப் பின்னால் சிரித்தாள். பக்கத்து வரிசையில் தேசங்கா அக்கா இருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. அவள் கை நின்றதை வைத்துத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் இலை அசையவில்லை. அப்புறம் அசைந்தது.

"வித்தோசாவா" என்றாள் தேசங்கா அக்கா.

"சொல்லு."

"அவர் எங்ககிட்ட வேலைக்குக் காசே வாங்கினதில்ல. பதினோரு வருஷமா. ஜனவரியில பனியில படுத்துக்கிட்டு டைமிங் பெல்ட் மாத்தினாரு. ஒரு தினார் வாங்கல."

"நீங்க என்ன குடுத்தீங்க?"

"அவங்க வீட்டுத் திருநாளுக்குப் புகை போட்ட பன்னித்தொடை ஒண்ணு. அஞ்சு லிட்டர் ரக்கியா."

"நல்ல தொடையா?"

"நல்ல தொடைதான்."

"அப்ப ஏன் வயித்தெரிச்சல்? காசு வாங்காதவன் பொய் சொன்னா அதுக்கு வேற ஏதோ காரணம் இருக்கும். காசு வாங்கறவனா இருந்தா நிம்மதி. காசுக்குத்தான்னு தெரிஞ்சு போகும்."

அன்று சாயங்காலம் தட்டுகளை ஏற்றும்போது அக்கா ஒரே தட்டை இரண்டு முறை எண்ணினாள்.

ஞாயிற்றுக்கிழமை குளிர்கிடங்கில் வரிசை நீளமாக இருந்தது. எங்கள் பழத்தை இறக்க ஏழு மணி ஆகிவிட்டது. திரும்பும்போது வீட்டுக்குப் போகும் பாலத்துச் சாலையில் திரும்பாமல் தேசங்கா அக்கா நேராக ஓட்டினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. பெட்ரோல் பங்குக்குப் பின்னால் மெக்கானிக் வுகாஷினின் பட்டறை வந்ததும் புரிந்தது.

"மிலோய்கோகிட்ட சொல்லக் கூடாது. கூமுக்கு இது போய்ச் சேரக் கூடாது" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"உன்கிட்ட சொல்றதும் சுவத்துகிட்ட சொல்றதும் ஒண்ணுதான்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

வுகாஷினுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். டயர்மேல் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு ரேடியோவில் பாஸ்கெட்பால் கேட்டுக்கொண்டிருந்தான். எழுந்து வந்து டார்ச்சை வாயில் கவ்வி, மல்லாந்து வேனுக்கு அடியில் போனான். வெளியே வந்து விரல்களைக் காட்டினான்.

"காஞ்சு கிடக்கு அக்கா. வாட்டர் பம்ப் கசிஞ்சா கீழே ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். இல்ல. யாரு சொன்னா இது போச்சுன்னு?"

அவன் இஞ்சினை மேலிருந்து பார்த்தான். டார்ச் வெளிச்சம் ஒரு இடத்தில் நின்றது. பக்கவாட்டு மூடியின் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பெயின்டில் ஒரு பொட்டு இருந்தது.

"ஒப்ராத் மாமா வண்டியா இது?" என்றான். டார்ச்சை அணைத்தான். கையைத் துடைத்தான். "ஐயோ அக்கா. என்னை ஏன் இதுல இழுக்கறீங்க?"

"பம்ப் நல்லா இருக்குன்னு சொன்னியே. அது போதும்."

"வெளியில தெரியறதைச் சொன்னேன். அந்த மூடிக்குள்ள என்னன்னு எனக்குத் தெரியாது. அவர் ஒரு மூடியை மூடினா பொட்டு வைப்பாரு. இந்தப் பள்ளத்தாக்குல எந்தப் பட்டறையிலும் அந்தப் பொட்டை உடைக்க மாட்டாங்க. உடைச்சா, 'உன் வேலைமேல எனக்கு நம்பிக்கை இல்ல'ன்னு அவர் மூஞ்சியிலயே சொன்ன மாதிரி."

"நீ மறுபடி மஞ்சள் பெயின்ட் வச்சுட முடியாதா?"

வுகாஷின் சிரித்தான். "அவர் வச்ச பொட்டு அவருக்குத் தெரியாதா அக்கா? வண்டியை அவர்கிட்டயே விடுங்க. போங்க."

அக்கா வேன் கதவில் கை வைத்தாள். அவள் ஏறிவிடுவாள், நாங்கள் அந்த வேனில் மேலே போய்விடுவோம் என்று தோன்றியதும் நான் வாயைத் திறந்தேன். இரண்டு நாளாக உள்ளே வைத்திருந்ததைத்தான் சொன்னேன்.

"காலையில" என்றேன். "குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது. காபிக்கொட்டை அரைக்கிற மாதிரி."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெள்ளிக்கிழமை தெரியலன்னியேடி!" என்றாள் அக்கா.

"சூடானதும் நின்னுடுதா?" என்று கேட்டான் வுகாஷின்.

"ம். இறக்கத்துல கியரை மாத்தும்போது மறுபடி வரும். கொஞ்சம்."

அவன் ரேடியோவை அணைத்தான். ஸ்பானரை எடுத்தான். எடுத்துவிட்டு மூடியைத் தொடாமல் தேசங்கா அக்காவைப் பார்த்தான்.

"நீங்க வாயால சொல்லணும். நானா திறந்தேன்னு நாளைக்கு இருக்கக் கூடாது. இந்தப் பொண்ணு சாட்சி."

அக்கா வேனைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். பெட்ரோல் பங்கில் யாரோ ஹாரன் அடித்தார்கள். சுற்றி வந்து அதே இடத்தில் நின்றாள்.

"திற" என்றாள்.

பெயின்ட் உடைந்தபோது சத்தமே வரவில்லை. மஞ்சள் தூள் கொஞ்சம் அவன் விரலில் ஒட்டியது. மூடியைக் கழற்றி டார்ச் அடித்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பம்பின் சக்கரத்தை விரலால் சுழற்றினான்.

"பம்ப் வெண்ணெய் மாதிரி சுத்துது. இங்க வாங்க அக்கா. இந்த பெல்ட்டைப் பாருங்க. ஓரம் பிசிறு பிசிறா வந்திருக்கா? புது பெல்ட்டுன்னா முதுகுல எழுத்து இருக்கும். இதுல எழுத்து தேஞ்சே போச்சு."

"ஜனவரியிலதான் மாத்தினாரு. புதுசு."

"இது ஆறு மாசம் ஓடின பெல்ட் இல்ல. எங்கேயோ அடிபட்டுக் கிடந்த வண்டியில இருந்து கழட்டினது. இதை இறுக்கிப் பிடிக்கிற உருளையும் வேற வண்டியோடது. அதுதான் அரைக்குது. வாஷர் வச்சு உசரம் சரிபண்ணியிருக்காரு. கை சுத்தத்தைப் பாருங்க, என்னால இப்படி வைக்க முடியாது." அவன் குரலில் மரியாதை இருந்தது. அதுதான் அக்காவை இன்னும் கலக்கியது என்று நினைக்கிறேன்.

"இது அறுந்தா?"

"இஞ்சின் அப்பவே செத்துடும். உள்ள வால்வெல்லாம் வளைஞ்சிடும். இறக்கத்துல அறுந்தா ஸ்டீயரிங் கல்லாயிடும், பிரேக்கு ரெண்டு மிதிக்குத்தான் வரும். இன்னைக்கு நீங்க இதுல போகக் கூடாது."

"அப்ப கூம் சொன்னது நிஜம்."

"வண்டியை நிறுத்தணும்னு சொன்னது நிஜம். சொன்ன காரணம்தான் நிஜம் இல்ல."

தேசங்கா அக்கா டயர்மேல் உட்கார்ந்தாள். வுகாஷினின் சூரியகாந்தி விதைகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள், கொறிக்கவில்லை. முந்தாநாள் இதே வேனில் அறுபது தட்டுப் பழத்தோடு அவளும் நானும் வளைவுகளில் இறங்கினோம். அவள் ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டே ஓட்டினாள்.

"சாமான் நாளைக்கு சாச்சாக்ல இருந்து பஸ்ஸுல வந்துடும். நான் செஞ்சா ஒரு நாள்" என்றான் வுகாஷின். அப்புறம், "யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு அவசரம் இல்ல" என்றான்.

அவனுடைய காரில்தான் எங்களை மேலே கொண்டுவந்து விட்டான். மலையடிவாரத்தில் ர்ஸாவ் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒப்ராத்தின் பட்டறை. பட்டறை பூட்டியிருந்தது. ஒப்ராத் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து, நாங்கள் வந்த சாலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கார் நெருங்கியதும் தேசங்கா அக்கா தலையைக் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோலப் பாவனை செய்தாள். பின்சீட்டில் இருந்த நான் எங்கே குனிவது? அவர் என்னைப் பார்த்தார். முன்சீட்டில் குனிந்திருந்த முதுகைப் பார்த்தார். ஓட்டியது யார் என்று பார்த்தார். அப்புறம் எங்களுக்குப் பின்னால் வேன் வருகிறதா என்று சாலையைப் பார்த்தார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் மிலோய்கோ முதலில் கேட்டது, "பெயின்டை உடைச்சியா?"

"பெல்ட் அறுந்து போற மாதிரி இருக்குன்னு சொல்றேன். நீ பெயின்டைக் கேக்கற."

"உடைச்சியா இல்லையா?"

"உடைச்சேன்! என் கையால உடைக்கல, என் வாயால உடைச்சேன். நானும் இந்தப் பொண்ணும் ஆத்துல கிடந்தா பெயின்ட் நல்லா இருந்திருக்கும், இல்ல?"

மிலோய்கோ எழுந்தார். வெளியே போனார். வேன் வழக்கமாக நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை படிந்த மண்மேல் ரொம்ப நேரம் நின்றார்.

திங்கட்கிழமை பனி அதிகம். எட்டு மணிவரை வரிசைக்குள் இறங்க முடியாது. எல்லோரும் முற்றத்தில் காபியோடு இருந்தோம். வித்தோசாவா தன் வாளியின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது ஒப்ராத் மலைப்பாதையில் நடந்து வந்தார். ஒரு கையில் கருவிப்பெட்டி, கக்கத்தில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி.

"ஆண்டவர் துணை" என்றார்.

"ஆண்டவர் துணை, கூமே" என்றார் மிலோய்கோ. எழுந்து நின்றார். ரக்கியாவும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். மனசில் என்ன இருந்தாலும் கூம் வந்தால் அது வைக்கப்படும். ஒப்ராத் கிண்ணத்தை உதட்டில் வைத்து எடுத்தார்.

"வண்டி வுகாஷின்கிட்ட இருக்கு" என்றார். கேட்கவில்லை, சொன்னார்.

"இருக்கு" என்றாள் தேசங்கா அக்கா.

"திறந்தானா?"

"நான் திறக்கச் சொன்னேன், கூமே."

அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே புது பெல்ட் சுருண்டு கிடந்தது. முதுகில் வெள்ளை எழுத்து பளிச்சென்று இருந்தது.

"பழம் பறிக்க ஆரம்பிச்ச அன்னைக்கே இதை வாங்கிட்டேன். மூணு வாரமா பட்டறையில கிடக்கு. உருளைக்குச் சொல்லி வச்சேன், அது நேத்து சாயங்காலம்தான் வந்துச்சு. பம்ப்னு சொன்னா மூடியைத் திறக்கலாம். திறந்தா அதோட இதையும் மாத்திடலாம். நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

"ஜனவரியில ஏன் மாத்தல?" என்றார் மிலோய்கோ.

"ஜனவரியில என்கிட்ட இல்ல."

"என்ன இல்ல?"

"காசு இல்ல, கூமே. என்ன இல்லன்னு கேக்கற? அந்த மாசம் பட்டறைக்குக் கரண்டையே நிறுத்திட்டாங்க. உனக்கு வண்டி வேணும், சாலை பனி. கழட்டி வச்ச வண்டியில ஒரு பெல்ட் இருந்துச்சு. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. வசந்தத்துல புதுசு போட்டுடலாம்னு நினைச்சேன்."

"எங்ககிட்ட கேட்டிருக்கலாமே" என்றாள் அக்கா. "பெல்ட்டு விலையைக் குடுன்னு ஒரு வார்த்தை. குடுத்திருக்க மாட்டோமா?"

"கூம் கூமுகிட்ட காசு கேக்கறதா? எந்த வீட்டுல பார்த்த? விலை பேசிட்டா அப்புறம் நான் கடைக்காரன், நீங்க வாடிக்கை. என் அப்பா மண்ணுக்குள்ள புரண்டு படுப்பாரு."

"அதுக்காகப் பழசைப் போடறதா?" மிலோய்கோவின் குரல் உயர்ந்தது. "பொண்டாட்டி போற வண்டியில?"

"நீங்க கேட்டிருக்கணும்!" ஒப்ராத்தும் குரலை உயர்த்தினார். அவர் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "பதினோரு வருஷம். கிளட்ச், ரேடியேட்டர், பிரேக்கு. 'நேரம் ஆச்சா கூமே, கை குளிருதா கூமே'ன்னு கேட்டீங்க. 'இந்தச் சாமானை எங்கே வாங்கின, எதை வச்சு வாங்கின'ன்னு ஒரு தடவை கேட்டீங்களா? தொடையைக் கொண்டாந்து வச்சீங்க. தொடை நல்லா இருந்துச்சு. தொடையைக் குடுத்து பெல்ட் வாங்க முடியுமா?"

"கேட்டா நீ சொல்லியிருப்பியா?" என்றார் மிலோய்கோ.

ஒப்ராத் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். "ஆனா கேட்டிருக்கணும்."

கோழிகள் மேசைக்கு அடியில் வந்து ரொட்டித் தூளைக் கொத்தின. வித்தோசாவா காலால் விரட்டினாள்.

"மூணு வாரமா சாயங்காலம் பாலத்துல நிக்கறேன்" என்றார் ஒப்ராத், இப்போது தணிந்த குரலில். "வண்டி கீழே போகும்போதும் நிக்கறேன், திரும்பி வரும்போதும் நிக்கறேன். வந்துட்டாத்தான் சோறு இறங்கும். நேத்து வண்டி வரல. இந்தப் பொண்ணு முகம் மட்டும் பின்கண்ணாடியில தெரிஞ்சது."

நான் தரையைப் பார்த்தேன். பறித்த நாளெல்லாம் பாலத்தில் அவரைப் பார்த்திருக்கிறேன். காற்று வாங்குகிறார் என்று நினைத்துக் கையசைத்திருக்கிறேன். அவரும் அசைத்திருக்கிறார்.

"இன்னைக்குப் பழத்துக்குக் கவலைப்படாதீங்க" என்றார். "திகோமிர் அஞ்சு மணிக்கு லாரியோட வருவான். வெள்ளிக்கிழமையே சொல்லி வச்சேன், மூணு நாளைக்கு. வாடகை கிடையாது."

வித்தோசாவா தன் கயிற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நான் இப்பவே அரிலியேக்குப் போறேன்" என்று ஒப்ராத் தொடர்ந்தார். "வுகாஷின் பட்டறையிலயே வச்சு என் கையால போட்டுடறேன். பையன் ஒதுங்கி நிக்கட்டும். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும். இனிமே இப்படி நடக்காது, கூமே. பெயின்டைப் பத்தி நானும் பேச மாட்டேன்."

மிலோய்கோ நிம்மதியாக மூச்சு விட்டார். கிண்ணத்தை மறுபடி நிரப்பக் கையை நீட்டினார். அவருக்கு அதோடு முடிந்துவிட்டது. பழம் போகும், வண்டி வரும், கூம் கூமாகவே இருப்பார்.

தேசங்கா அக்கா மட்டும் பெட்டிக்குள் கிடந்த பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் அந்த எழுத்தைத் தடவினாள். பழச்சாறு ஊறிக் கறுத்துப்போன விரல்.

"அந்த வண்டியில நான் தனியாப் போகல, கூமே" என்றாள். "ஊரான் பெத்த பொண்ணு என் பக்கத்துல தட்டைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. மேட்டு வீட்டுக்காரங்க பழத்தையும் ஏத்தியிருந்தேன். நாளைக்கும் போகணும். வளைவுல போகும்போது எனக்கு மனசுல ஒண்ணும் ஓடக் கூடாது. உங்க மேல கோவம் இல்ல. சத்தியமா இல்ல."

"தெரியும்" என்றார் ஒப்ராத்.

அவள் நிமிர்ந்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். நலம் விசாரிக்கும்போது எப்படிப் பேசுவாளோ அதே மெதுவான குரலில் கேட்டாள்:

"இது என்ன விலை ஆச்சு?"

மிலோய்கோவின் கை பாட்டில்மேல் அப்படியே நின்றது. "தேசங்கா" என்றார், யாருக்கும் கேட்காத மாதிரி.

"பெல்ட்டும் உருளையும் சேர்த்து, உங்க வேலைக்கூலியும் சேர்த்து" என்றாள் அக்கா. அவள் கண் நிறைந்திருந்தது. ஆனால் பார்வையை அகற்றவில்லை. "சொல்லுங்க. நான் கேக்கறேன்."

ஒப்ராத் அவளைப் பார்த்தார். பாதி ரக்கியா மிச்சமிருந்த கிண்ணத்தைத் தன்னிடமிருந்து ஒரு விரல் தூரம் தள்ளி வைத்தார். மெதுவாக எழுந்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டார். புது பெல்ட்டை மேசையிலேயே விட்டுவிட்டு, முற்றத்தைத் தாண்டி, படலைத் திறந்து வெளியே போய், கோழிகள் வெளியே வராமல் இருக்கக் கம்பி வளையத்தைத் திரும்ப மாட்டிவிட்டு, கீழே இறங்கினார்.